கையெழுத்திடும் முன் கேளுங்கள்

ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தம் எழுத்தின் உரிமை பற்றி எந்த ஐயம் இருந்தாலும் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்று, இதே ஊரில் வசித்து வரும் எனக்கு அது வியப்பளிக்கவில்லை. பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் தோட்டத்தின் கதையைத் தாமே ஆராய்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியது அவர்கள் கையைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலையோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

“அம்மா, நான் முதுகலை மாணவி. எங்கள் தோட்டத்துப் பாட்டிமார்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து ஆய்வேடு எழுதினேன். அதில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கட்டுரையாக்கி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினேன்; ஏற்றுக்கொண்டார்கள். இப்போது நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பி, ஏழு நாளில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். என் மேற்பார்வையாளர், ‘எல்லோரும் போடுவதுதான், போட்டு அனுப்பு’ என்கிறார். கையெழுத்திட்ட பிறகு இந்தக் கட்டுரையைத் தமிழாக்கி எங்கள் தோட்டத்து மக்களுக்குக் கொடுக்க முடியுமா?”
— ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

முதலில் படிவத்தின் தலைப்பைப் பாருங்கள். பதிப்புரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் என்ற பொருளில் அது இருந்தால், நீங்கள் கையெழுத்திட்டதும் கட்டுரையின் உரிமை வெளியீட்டகத்துக்குப் போய்விடும். உங்கள் பெயர் கட்டுரையின் தலையில் இருக்கும்; ஆனால் அதைப் படியெடுக்கவும், பரப்பவும், வேறொரு மொழியில் வெளியிடவும் அவர்களிடம் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வெளியிடுவதற்கான உரிமம் மட்டும் தருவதாகப் படிவம் சொன்னால் நிலைமை வேறு. அப்போது பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். எனினும் அங்கேயும் ‘தனியுரிமம்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தனியுரிமம் என்றால், நீங்கள் உட்பட வேறு எவரும் அந்தச் செயலைச் செய்ய முடியாது என்று பொருள். அதற்கு விதிவிலக்காக உங்களுக்கென்று என்ன விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கட்டுரையை எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, உரிமையை மாற்றித் தருவது எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும் என்கிறது. ஆகவே உங்கள் கையெழுத்து இல்லாமல் உங்கள் உரிமையை எவரும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஏழு நாள் அவசரத்தின் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், தோட்டப் பள்ளிகளின் வாசிப்பு அறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டேன். வந்த படிவத்தை மதிய உணவு நேரத்தில் படிக்காமலே கையெழுத்திட்டு, உறையில் போட்டு அனுப்பிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து, நான் படித்த தமிழ்ப்பள்ளியின் சிறப்பு மலருக்கு அந்தக் கட்டுரையின் தமிழாக்கத்தைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, முறைப்படி அனுமதி கேட்டு வெளியீட்டகத்துக்குக் கடிதம் போட்டேன். பதிலாக ஒரு விலைப்பட்டியல் வந்தது. அவர்கள் கேட்ட தொகை, மலரின் மொத்த அச்சுச் செலவைவிட அதிகம். கட்டுரை மலரில் வரவில்லை. அதற்காக ஒதுக்கியிருந்த மூன்று பக்கங்களில் பழைய மாணவர்களின் வாழ்த்துச் செய்திகளைப் போட்டு நிரப்பினார்கள்.

என் பாட்டி சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணியாரின் மேசைக்கு முன் நின்று, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் தம் பெயருக்கு நேரே கைநாட்டு வைத்ததை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். கட்டைவிரலில் இருந்த மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது, படிக்க வழியில்லாதவர். எழுதப் படிக்கத் தெரிந்த நானும் அதே நிலையில்தான் கையெழுத்திட்டேன் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வலிக்கிறது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? இதழாசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். “பதிப்புரிமையை நானே வைத்துக்கொண்டு, முதலில் வெளியிடும் உரிமத்தை மட்டும் உங்களுக்குத் தர விரும்புகிறேன். அது இயலாவிட்டால், கட்டுரையைத் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்த்து வெளியிடவும், என் நூலில் சேர்க்கவும், ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் வைக்கவும் எனக்கு உள்ள உரிமையை ஒப்பந்தத்தில் சேர்த்துத் தாருங்கள்” என்று கேளுங்கள். கேட்டதற்காக, ஏற்ற கட்டுரையைத் திருப்பி அனுப்பிய இதழ் எதையும் என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. பல வெளியீட்டகங்களிடம் இரண்டாவது படிவம் ஒன்று தயாராகவே இருக்கிறது. கேட்பவருக்குத்தான் அதைக் கொடுக்கிறார்கள். முடியாது என்று பதில் வந்தால், அதன் பிறகு கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் தெரிந்து முடிவெடுக்கலாம்.

இப்படிக் கேட்பது துடுக்குத்தனமோ என்று தயங்க வேண்டாம். 2008 பிப்ரவரியில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் புலப் பேராசிரியர்கள், தம் கட்டுரைகளை எவரும் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைக்கும் உரிமையை முன்கூட்டியே தம் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிடுவதென்று தாமே வாக்களித்து முடிவு செய்தார்கள். ஐரோப்பாவில் ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகள் பல ஒன்றுகூடி 2018 செப்டம்பரில் அறிவித்த ‘பிளான் எஸ்’ திட்டமும், ஆய்வாளர் தம் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்றே வற்புறுத்துகிறது. அவர்கள் கேட்கும் உரிமையை நீங்களும் கேட்கலாம்.

ஒரு வேலையை இன்றே செய்துவிடுங்கள். உங்கள் கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு: மதிப்பீட்டுக்கு அனுப்பியது, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, இதழின் அச்சமைப்பில் வெளிவருவது. கட்டணமின்றிக் களஞ்சியத்தில் வைக்கப் பெரும்பாலான இதழ்கள் அனுமதிப்பது நடுவில் உள்ள வடிவத்தைத்தான். சில இதழ்கள் உடனே அனுமதிக்கும். சில ஆறு மாதமோ ஓராண்டோ இரண்டாண்டோ தடைக்காலம் வைக்கும். அந்த நடு வடிவத்தைத்தான் நம் பிள்ளைகள் தொலைத்துவிடுகிறார்கள். களஞ்சியத்துக்காக நான் கேட்கும்போதெல்லாம், “பழைய மடிக்கணினியில் இருந்தது, அது கெட்டுப்போய்விட்டது” என்பார்கள். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனியாகப் பெயரிட்டு, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

“அதே மாணவிதான் எழுதுகிறேன், அம்மா. பாட்டிமார் பாடிய பாடல்கள் என் கட்டுரையில் முழுமையாக வருகின்றன. கட்டுரையின் உரிமை எனக்கு என்றால், பாடல்களின் உரிமையும் எனக்கா?”

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். வயதில் மூத்த ஆய்வாளர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிட்டார்கள்.

பதிவு செய்த பாடல்களை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, இயற்றியவர் யாரென்று தெரியாத தாலாட்டின் வரிகளுக்குத் தனியொருவரை உரிமையாளராகச் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பாடியவருக்கு அந்தப் பாட்டின் நிகழ்த்துகையில் உரிமை உண்டு. நம் சட்டம் நிகழ்த்துநர் உரிமை என்று அதைத் தனியாகவே பாதுகாக்கிறது. ஒப்பாரி அப்படியன்று. இழவு வீட்டில் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும், அவர் வெட்டிய மரத்தையும், ஏறிவந்த கப்பலையும், விட்டுப்போன பிள்ளைகளையும் சேர்த்து அங்கேயே கட்டிப் பாடுகிறவர் அந்தப் பாட்டை இயற்றியவராகிறார். எழுத்திலோ பதிவிலோ ஏதேனும் ஒரு வடிவில் நிலைபெற்றால்தான் ஒரு படைப்புக்குப் பாதுகாப்பு என்று சட்டம் கேட்கிறது. உங்கள் கைத்தொலைபேசியில் அது பதிவானபோது அந்த நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. ஆகவே உங்கள் கட்டுரையில் உள்ள ஒப்பாரிகளுக்கு ஆசிரியர் அந்தப் பாட்டிதான். அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. நீங்கள் அதை வெளியீட்டகத்துக்கு மாற்றித் தர முடியாது. ஏனென்றால் அது உங்களுடையது அன்று.

ஆகவே ஒவ்வொரு பாட்டியிடமும் மீண்டும் செல்லுங்கள். பல்கலைக்கழகம் தந்த ஆங்கில ஒப்புதல் தாளோடு நின்றுவிடாதீர்கள். பாட்டு எங்கே அச்சாகப் போகிறது, யார் படிப்பார்கள், ஒலிப்பதிவு இணையத்தில் ஏறினால் உலகில் எவரும் கேட்கக்கூடும் என்பதையெல்லாம் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவராக இருந்தால், அவர் சம்மதத்தை அவர் வாயால் சொல்லச் செய்து பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர் வர வேண்டுமா, வேண்டாமா என்றும் கேளுங்கள். சிலர் பெயரைப் போடச் சொல்வார்கள். இறந்த மகனுக்காகப் பாடியதை ஊரார் கேட்க வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். சொன்னால் அந்தப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

கட்டுரையைத் திறந்த உரிமத்தில், அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, வெளியிடுவதாக இருந்தால், முதற்பக்க அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: “இவ்வுரிமம் கட்டுரைக்கு மட்டுமே உரியது, பாடல் வரிகளும் ஒலிப்பதிவுகளும் பாடியவர்களுக்கு உரியவை, அவர்களின் அனுமதியுடன் இங்கே இடம்பெறுகின்றன.” பிறருடைய படைப்பை உரிமத்திலிருந்து விலக்கி வைப்பது வழக்கமான நடைமுறைதான், இதழ்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

“பதிப்புரிமை, காப்புரிமை இரண்டும் ஒன்றுதானே? இதற்கு எங்கே பதிவு செய்ய வேண்டும்?”
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட் சந்தைப் பகுதி

ஒன்றல்ல. நூல், கட்டுரை, பாடல், படம், கணினி நிரல் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. புதிய கருவிக்கோ செய்முறைக்கோ உரியது காப்புரிமை. அதை விண்ணப்பித்துத்தான் பெற முடியும். பதிப்புரிமை தானாகவே வருவது. விரும்புவோர் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தம் படைப்பைப் பற்றி அறிவிப்புச் செய்துகொள்ளும் வசதி 2012 முதல் இருக்கிறது; அது பின்னாளில் வழக்கு வந்தால் சான்றாக உதவும், கட்டாயம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பதிப்புரிமை உங்கள் சொற்களுக்குத்தான், கருத்துக்கு இல்லை. உங்கள் ஆய்வு முடிவை இன்னொருவர் தம் சொற்களில் எழுதி உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டால், அது ஆய்வு நெறிப்படி குற்றம். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் அங்கே துணைக்கு வராது.

“வணக்கம் அம்மா. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். திறந்த அணுக்க இதழ் ஒன்று கட்டுரையை வெளியிட 1,500 அமெரிக்க டாலர் கேட்கிறது. இன்னோர் இதழ், ‘மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு’ என்று தொடங்கி, மூன்று நாளில் வெளியிடுவதாகவும் 150 டாலர் போதும் என்றும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. நான் பேராசிரியரும் இல்லை. பட்டத்துக்குக் கட்டுரை வெளிவந்தாக வேண்டும். திறந்த அணுக்கம் என்றாலே பணம் கட்டுவதுதானா?”

இல்லை, ஆசிரியை அவர்களே. இந்தத் தவறான எண்ணத்தால் சேமிப்பை இழந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திறந்த அணுக்கம் என்ற சொல்லுக்கு 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை பொருள் வகுத்தது. ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கவும், இறக்கவும், படியெடுக்கவும், பரப்பவும் இயல வேண்டும். ஆசிரியரின் பெயரும் எழுத்தின் முழுமையும் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். எழுதியவர் பணம் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. கட்டணம் என்பது, வாசகரிடம் வாங்காத பணத்தைச் சில வெளியீட்டகங்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளும் வழி. அந்தக் கட்டணம் எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ‘நேச்சர்’ ஆய்விதழ் 2021 முதல் திறந்த வெளியீட்டுக்கு 9,500 யூரோ என்று விலை வைத்தது. எந்த ஆசிரியையின் சம்பளத்துக்கும் அது எட்டாது. அப்படிப்பட்ட தொகையை ஆய்வு நிதியிலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோதான் கொடுக்கிறார்கள். தம் சட்டைப்பையிலிருந்து எவரும் கொடுப்பதில்லை.

உங்களுக்குக் கட்டணமில்லாத வழிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, சந்தா வாங்கும் வழக்கமான நல்ல இதழில் கட்டணமின்றி வெளியிட்டு, நான் மேலே சொன்ன நடு வடிவத்தைக் களஞ்சியத்தில் வைப்பது. நூலகர்கள் இதைப் பச்சை வழி என்பார்கள். எந்த இதழ் எந்த வடிவத்தை எத்தனை மாதத்துக்குப் பின் வைக்க விடுகிறது என்பதை, ‘ஷெர்பா ரோமியோ’ என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட, பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் தகவல்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க முடியாவிட்டால், செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்தும் ‘ஸெனோடோ’ என்னும் இணையக் களஞ்சியத்தில் எவரும் கட்டணமின்றி வைக்கலாம்.

இரண்டாவது, எழுதுபவரிடமும் வாங்காமல் படிப்பவரிடமும் வாங்காமல் பல்கலைக்கழகத் துறைகளும் அறிஞர் சங்கங்களும் தம் செலவில் நடத்தும் இதழ்கள். இவற்றை வைர வழி என்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. உழைத்தவர்களே உடைமையாளராவது நிலத்தில் நடந்ததென்றால் ஆய்விதழிலும் நடக்கும். தமிழியலுக்கும் கல்வியியலுக்கும் இத்தகைய இதழ்கள் மலேசியாவிலேயே உண்டு. உங்கள் ஆய்வு தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்பைப் பற்றியது என்றால், உங்கள் முதல் வாசகர்கள் மற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் கையில் கிடைக்கும் இதழே உங்களுக்கு ஏற்ற இதழ் என்பது என் கருத்து.

மூன்று நாளில் வெளியிடுகிறவர்களைப் பற்றி: துறை வல்லுநர் இருவர் உங்கள் கட்டுரையைப் படித்து, குறை சொல்லி, நீங்கள் திருத்தி, மீண்டும் அவர்கள் பார்ப்பதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் எவரும் படித்திருக்க முடியாது. ஓர் இதழ் உண்மையானதா என்று பார்க்க, 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட டிஓஏஜே என்னும் திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் அதன் பெயரைத் தேடுங்கள். அடைவில் இருப்பவை அனைத்தும் சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே சேர்வதற்கு முன் அடிப்படை நடைமுறைகளைச் சோதிக்கிறார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதி, “இந்த இதழில் தாங்கள் இருக்கிறீர்களா?” என்று கேட்பதும் நல்ல சோதனை. என்னிடம் வந்த ஒரு மாணவர் அப்படிக் கேட்டபோது, அந்தப் பேராசிரியர் தம் பெயர் அங்கே இருப்பதையே அறியாதவராக இருந்தார். பணம் கட்டிய பின் அத்தகைய இதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். வெளிவந்த கட்டுரையை வேறு நல்ல இதழ் ஏற்கவும் மாட்டாது. அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத வேண்டாம்.

“அம்மா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வரலாற்றைப் பல ஆண்டுகள் திரட்டி ஆங்கிலத்தில் கட்டுரையாக எழுதினேன். ஏற்றுக்கொண்ட இதழ், கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள் ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. யாரும் விற்கவும் கூடாது, மாற்றவும் கூடாது என்று இருப்பதிலேயே கடுமையானதைக் குறித்து வைத்திருக்கிறேன். சரிதானே?”

ஐயா, உங்கள் பாதுகாப்பு உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அனுப்பும் முன் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியான இந்த உரிமங்கள், பதிப்புரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு என்னென்ன அனுமதி என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் பொது ஒப்பந்தங்கள். ஆறிலும் பெயர் சொல்லுதல் கட்டாயம். அதற்கு மேல் மூன்று நிபந்தனைகள் உண்டு: வணிக நோக்கம் கூடாது, மாற்றி வெளியிடக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இவற்றைச் சேர்த்தும் விட்டும் பார்த்தால் ஆறு வருகின்றன. பெயர் மட்டும் சொன்னால் போதும் என்பது சிசி-பிஒய்.

நீங்கள் குறித்து வைத்திருக்கும் உரிமத்தில் ‘மாற்றக் கூடாது’ என்ற நிபந்தனை இருக்கிறது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். நாளை உங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண் இந்த வரலாற்றைத் தமிழாக்கிப் பள்ளி மலரில் போட விரும்பினால், உங்களிடம் தனியாக எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் இருக்கும்வரை அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். அதன் பிறகு அவள் யாரிடம் போவாள்? தோட்டத்து வரலாற்றை அந்தத் தோட்டத்து மொழியில் படிக்க விடாமல் நாமே ஒரு வேலி போடுவதாக அது முடிந்துவிடும்.

‘வணிகம் கூடாது’ என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலாபம் தேடும் பெரிய நிறுவனத்தைத் தடுப்பதாக நாம் நினைக்கிறோம். ஆனால் 300 படி அச்சிட்டு, அச்சுக்கூலி திரும்பினால் போதும் என்று விற்கும் சிறு தமிழ்ப் பதிப்பாளரும் அந்தச் சொல்லுக்குப் பயந்து ஒதுங்கிவிடுவார். மேலும், சில வெளியீட்டகங்கள் இந்த உரிமத்தை எழுதியவர் தேர்ந்தெடுக்கும்போது, வணிகப் பயன்பாட்டு உரிமையைத் தனியொரு ஒப்பந்தத்தில் தமக்கென்று எழுதி வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் விற்க முடியாதவர் நீங்கள், விற்கக்கூடியவர் அவர்கள். இதழ் அனுப்பிய இன்னொரு தாளில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் தேர்வு, சிசி-பிஒய் அல்லது ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்ற நிபந்தனையோடு கூடிய சிசி-பிஒய்-எஸ்ஏ. பின்னதில் ஒரு நன்மை உண்டு: உங்கள் எழுத்தை எடுத்து மாற்றி வெளியிடுகிறவர் தம் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும், பூட்டிவைக்க முடியாது. தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த வகை உரிமத்தில்தான் இயங்குகிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும், கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். கட்டுரையோடு பழைய புகைப்படங்களையும் சேர்த்திருப்பீர்கள். எடுத்தவர் யார், அனுமதி உண்டா என்பதை ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிவிடுங்கள்.

“ஆய்வேட்டின் உரிமை மாணவருக்கா, பல்கலைக்கழகத்துக்கா? வெளிவந்த கட்டுரையை, ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் இணையதளத்தில் ஏற்றலாமா?”
— ஒரு முனைவர் பட்ட மாணவர்

மாணவர் ஊழியர் அல்லர் என்பதால், வேலையில் இருப்பவர் பணியின் போக்கில் எழுதியது முதலாளிக்கு உரியது என்ற 26ஆம் பிரிவு பொதுவாக அவருக்குப் பொருந்தாது. ஆனால் சேரும்போதும் ஆய்வேட்டை ஒப்படைக்கும்போதும் நீங்கள் கையெழுத்திட்ட தாள்களில் வேறு ஏற்பாடு இருக்கலாம்; அவற்றின் படியைக் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகை பெற்றவர்கள் அந்த ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். விரிவுரையாளராக இருப்பவர்களுக்கு அவரவர் பல்கலைக்கழக விதியே வழிகாட்டி.

ரிசர்ச்கேட்டில், இதழின் அச்சமைப்பில் உள்ள வடிவத்தை உரிமையில்லாமல் ஏற்றாதீர்கள். இரண்டு பெரிய வெளியீட்டகங்கள் 2017இல் அந்தத் தளத்தின்மீது ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தன. 2023இல்தான் சமரசம் ஆயிற்று. சிசி உரிமத்தில் வந்த கட்டுரையானால் தயங்காமல் ஏற்றலாம். மற்றபடி, களஞ்சியத்தில் வைத்துவிட்டு அதன் இணைப்பைக் கொடுப்பதே நல்லது.

“என் தந்தையார் தோட்டத்துக் கிராணியாக இருந்துகொண்டே தமிழாராய்ச்சி செய்தவர். அறுபதுகளில் சிற்றிதழ்களில் அவர் எழுதிய பதினொரு கட்டுரைகள் என்னிடம் இருக்கின்றன. தாள் உதிரத் தொடங்கிவிட்டது. அவர் 1980இல் காலமானார். இதழ்களும் நின்றுவிட்டன. இவற்றை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்க எனக்கு உரிமை உண்டா?”
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், ஐயா. தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியபோது, இந்த நாட்டில் தமிழாராய்ச்சி பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. உங்கள் தந்தையைப் போன்றோர் தோட்டத்து அலுவலக மேசையில் விளக்கு வைத்துக்கொண்டும் அதைச் செய்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் எவ்வளவு கரையானுக்குப் போயிற்றோ.

சட்டம் சொல்வது இது. தந்தையார் மறைந்து 50 ஆண்டுகள் இன்னும் ஆகாததால் உரிமை உயிரோடு இருக்கிறது. அது அசையும் சொத்தைப் போல வாரிசுகளுக்கு இறங்கும். சிற்றிதழ்கள் அந்தக் காலத்தில் ஒப்பந்தம் எழுதி வாங்கியது அரிது. எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமல் உரிமை மாறாது என்ற விதியை முன்பே சொன்னேன். தந்தையின் காகிதங்களில் அப்படி ஒரு கடிதம் இல்லையென்றால், உரிமை உங்கள் குடும்பத்திடம் இருப்பதாகக் கொள்ள நல்ல நியாயம் உண்டு. ஆயினும் நீங்கள் ஒருவர் மட்டும் முடிவெடுக்க இயலாது. உடன்பிறந்தோர் அனைவரும், தாயார் இருந்தால் அவரும் சம்மதிக்க வேண்டும். சொத்துப் பங்கீட்டில் ஏதேனும் சிக்கல் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

2030 வரை காத்திருந்தால் எவர் அனுமதியும் தேவைப்படாமல் போகலாம். அதுவரை அந்தத் தாள்கள் காத்திருக்க மாட்டா. பாரதியாரின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அரசு செய்ததை ஒரு குடும்பமும் செய்யலாம். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்குத் திறந்து வைத்திருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதலில் கட்டுரைகளை மின்வருடி எடுங்கள்; பிரித்துப் பரப்பினால் உடையும் இதழ்களை அழுத்தாமல், மேலிருந்து கைத்தொலைபேசியால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தால் போதும். இதழின் அட்டையையும் ஆண்டு, மாதம் அச்சிட்ட பக்கத்தையும் விடாதீர்கள். எதிர்கால ஆய்வாளர் மேற்கோள் காட்ட அவை வேண்டும். பிறகு ஒரு தாளில், “எங்கள் தந்தையார் எழுதிய பின்வரும் பதினொரு கட்டுரைகளைச் சட்டப்படியான வாரிசுகளாகிய நாங்கள் சிசி-பிஒய் உரிமத்தில் வெளியிடுகிறோம்” என்று எழுதி, கட்டுரைத் தலைப்புகளை வரிசையாகக் குறித்து, அனைவரும் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளையும் மின்வருடி, தொகுப்பின் முதல் பக்கமாக வையுங்கள். சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதால், படம் எடுக்கும் நாளைச் சொன்னால் நானும் வந்து பக்கம் புரட்டித் தருகிறேன்.